ராகி அறுக்கப் போறீங்களா? அரிவாள எடுக்கறதுக்கு முன்னாடி அடங்கல எடுங்க

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அப்பா நிலத்த இப்பதான் கைல எடுத்திருக்கீங்க, இல்ல ஓசூர்ல கம்பெனி வேலைய விட்டுட்டு வந்து மொத தடவையா ராகி போட்டிருக்கீங்க, பயிரும் நல்லா வந்து கதிர் பழுக்க ஆரம்பிச்சிருச்சுன்னா இது உங்களுக்காகத்தான். விதைக்கறதுக்கும் களையெடுக்கறதுக்கும் சொல்லித்தர ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. ஆனா அறுப்புல ஆரம்பிச்சு பணம் பேங்க்ல விழற வரைக்கும் எது முன்னாடி எது பின்னாடினு ஒரே ஆள் முழுசா சொல்லி நான் கேட்டதில்ல. விஏஓ ஆபீஸ், இ-சேவை மையம், கொள்முதல் நிலையம்னு மாத்தி மாத்தி அலைஞ்சுதான் இதெல்லாம் புரிஞ்சுது, அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒண்ணே ஒண்ண மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. ராகிய பொறுத்தவரைக்கும் நஷ்டம் பாதி கொல்லைல, அதாவது நிலத்துல, வர்றதில்ல, பேப்பர்லயும் களத்துலயும்தான் வருது.

1. மொத வேலை பேப்பர் வேலை, பயிர் நிக்கும்போதே

கதிர் பழுக்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே இத ஆரம்பிச்சிருங்க. அரசு கொள்முதல் நிலையத்துல போடணும்னா சிட்டா, அடங்கல், ஆதார், பேங்க் பாஸ்புக் இந்த நாலும் வேணும். ஒவ்வொண்ணுலயும் மூணு மூணு ஜெராக்ஸ் எடுத்து ஒரு கவர்ல போட்டு வெச்சிருங்க, அங்க போய் ஜெராக்ஸ் கடை தேடினா ஒரு மத்தியானம் போயிரும்.

சிட்டா, அதாவது நிலம் யார் பேர்ல இருக்குனு காட்டற பேப்பர், பிரச்சினை இல்ல, அரசோட இ-சர்வீசஸ் சைட்ல மாவட்டம், தாலுகா, கிராமம், பட்டா நம்பர் போட்டா நீங்களே எடுத்துக்கலாம், காசு கிடையாது. அடங்கல்தான் ஆள அலைய விடும். அடங்கல்னா எந்த சர்வே நம்பர்ல இந்த வருஷம் என்ன பயிர் நிக்குதுனு விஏஓ கணக்குல ஏத்தறது. நிக்குதுங்கற வார்த்தைய கவனிங்க. நீங்க அறுத்து முடிச்சு ராகித் தாள் (வைக்கோல்) எல்லாம் போர் போட்டுட்டு அதுக்கப்புறம் போய் ராகினு எழுதிக் குடுங்கன்னா, அவர் வந்து பாத்தா வெறும் கொல்லைதான் தெரியும், எழுத மாட்டேன்னு சொன்னா அவர குத்தம் சொல்ல முடியாது. அதனால கதிர் வந்த உடனே அவர கூட்டிட்டு வந்து காட்டிருங்க. லொகேஷன், தேதி விழற மாதிரி போன்ல நாலஞ்சு போட்டோவும் எடுத்து வெச்சுக்கோங்க, காப்பீட்டுக்கும் அது ஒதவும், யானை இறங்குனாலும் ஒதவும்.

அடங்கல் கைக்கு வந்ததும் அப்படியே மடிச்சு பாக்கெட்ல வைக்காதீங்க, அங்கயே நின்னு மூணு விஷயம் பாருங்க. பசலி சரியா இருக்கா? பசலிங்கறது வருவாய்த் துறையோட கணக்கு வருஷம், ஜூலை 1ல தொடங்குது, 2025 ஜூலைலருந்து 2026 ஜூன் வரைக்கும் பசலி 1435, போன வருஷ அடங்கல எடுத்துட்டுப் போனா திருப்பி அனுப்பிருவாங்க. அடுத்து சர்வே நம்பரோட உட்பிரிவு நம்பர் சிட்டாவுல இருக்கற மாதிரியே இருக்கா? கடைசியா பயிர் பேர், கேழ்வரகுனு தெளிவா இருக்கணும். ஊடால அவரை, கடுகு போட்டிருந்தா அத மட்டும் எழுதிட்டு ராகிய விட்டுர்றதும் நடக்குது.

கூட்டுப் பட்டாவா இருந்தா, இல்ல பட்டா இன்னும் எறந்துபோன அப்பா, தாத்தா பேர்லயே இருந்தா, பட்டா மாத்தறது இந்த சீசனுக்குள்ள முடியற வேலை இல்ல. அதுக்கு தனியா மனு போட்டு வைங்க, ஆனா இந்த வருஷத்துக்கு என்ன பேப்பர் குடுத்தா ஏத்துக்குவாங்கனு கொள்முதல் நிலையத்துலயே முன்கூட்டி போய் கேட்டுருங்க. குத்தகைக்கு ஓட்டறவங்களும் அதே மாதிரி கேட்டுருங்க, நிலத்துக்காரர் கையெழுத்துக்கு கடைசி நேரத்துல அவர் பெங்களூர்ல இருப்பார்.

வேளாண்மைத் துறை குடுக்கற விவசாயி அடையாள எண் இன்னும் எடுக்கலேன்னா அதையும் இப்பவே பதிஞ்சிருங்க, ஆதாரோட லிங்க் பண்ண போன கைல எடுத்துட்டுப் போங்க, ஓடிபி வரும்.

2. எப்ப அறுக்கறது

ராகி மொத்தமா ஒரே நாள்ல பழுக்காது, புதுசா வர்றவங்க தெரிஞ்சுக்க வேண்டிய பெரிய விஷயம் இதுதான். தாய்த்தண்டு கதிர் முன்னாடி பழுக்கும், பக்கத்துல வெடிச்ச தூர்ல வந்த கதிர் பின்னாடி பழுக்கும். பையூர் 2 மாதிரி ரகம்னா ஏறக்குறைய 115 நாள், ஆனா நாள எண்ணி அறுக்காதீங்க, மானாவாரில மழை தள்ளிப்போனா கதிரும் தள்ளிப்போகும். ஆடி, ஆவணில விதைச்சது கார்த்திகை, மார்கழில கைக்கு வரும்.

எங்க கொல்லைக்கு அறுப்புக்கு வர்ற ஒரு அக்கா கத்துக்குடுத்தது இது. கதிர்ல ஒரு விரல கிள்ளி உள்ளங்கைல வெச்சு கட்டவிரலால நல்லா தேய்ச்சு ஊதணும். உமி பறந்து போய் செங்காவி நெறத்துல மணி தனியா நின்னா அந்தக் கதிர் ரெடி. மணி வெளிறிப்போய் இருந்தாலோ, நகத்துல அழுத்தினா பால் மாதிரி கசிஞ்சாலோ இன்னும் நாளாகும். "வரப்பு ஓரத்துல பாத்துட்டு முடிவு பண்ணாத தம்பி, நடுக்கொல்லைல எறங்கி பாரு"னு சொல்வாங்க, ஏன்னா ஓரத்துல வெயில் நல்லா பட்டு முன்னாடியே பழுத்து ஏமாத்தும்.

தாய்க்கதிர் எல்லாம் பழுத்து, மொத்த கதிர்ல பாதிக்கு மேல பழுப்பாயிருச்சுன்னா மொத அறுப்ப ஆரம்பிக்கலாம்.

3. ஆள் பேசறது

கார்த்திகை, மார்கழில எல்லா கொல்லையும் ஒண்ணா பழுக்கும், ஆள் கெடைக்காது. பத்து நாள் முன்னாடியே பேசி வைங்க, நூறு நாள் வேலை எந்த வாரம் நடக்குதுனும் கேட்டுக்கோங்க, அது நடக்கற நாள்ல ஆள் வராது. எங்க பக்கம் பொம்பளை ஆளுக்கு 350, ஆம்பளை ஆளுக்கு 600 ரூபாய் வரைக்கும் போகுது, டீ, பன், சாப்பாடு யார் பொறுப்பு, ஆட்டோ வாடகை யார் குடுக்கறதுனு முன்னாடியே பேசிருங்க, சாயங்காலம் கூலி குடுக்கும்போது பேசினா மனஸ்தாபம்தான் வரும். ஒரு ஏக்கருக்கு ரெண்டு தடவை அறுப்பும் கட்டு கட்டறதும் சேத்து 12 ஆள் கூலினு கணக்கு போட்டுக்கோங்க.

அறுவடை மிஷின் விட்டா சீக்கிரம் முடியுமேன்னு தோணும். முடியும், ஆனா மூணு விஷயம் யோசிங்க. பழுக்காத கதிரும் சேந்து போயிரும், தாள் நசுங்கி மாட்டுக்கு ஆகாம போகும், ஊடால அவரை, துவரை இருந்தா அது மொத்தமும் காலி. ராகி அறுத்ததுக்கப்புறம்தான் அவரை நல்லா படர்ந்து காய்க்கும், மார்கழி பனில வர்ற காய்க்கு ஓசூர் பெங்களூர் மார்க்கெட்ல நல்ல கிராக்கி, அத மிஷின் சக்கரத்துல குடுத்துராதீங்க. ஊடுபயிர் இல்லாம, சமமான நெலத்துல, எல்லாம் ஒண்ணா பழுத்திருந்தா மட்டும் மிஷின்.

4. அறுப்பு, ரெண்டு தடவையா

மொத அறுப்புல பழுத்த கதிர மட்டும் கருக்கரிவாள்ல கொய்ஞ்சு கூடைல, சாக்குல போட்டுட்டு வரணும். பனி காஞ்சு, வெயில் ஏறினதுக்கப்புறம் எறங்குங்க, ஈரக் கதிர சாக்குல அடைச்சா மறுநாளே பூசண வாடை வந்துரும். அறுத்த கதிர தார்ப்பாய்ல பரப்பி காய வைங்க.

ஒரு வாரம் கழிச்சு ரெண்டாவது அறுப்பு, இதுல பச்சையும் பழுப்புமா மிச்சம் இருக்கற எல்லா கதிரும் வந்துரும். இந்தப் பச்சைக் கதிர நேரா வெயில்ல போடாதீங்க, மணி சுருங்கிப் போயிரும். நெழல்ல குமிச்சு ஒரு நாள் விடுங்க, உள்ள சூடு ஏறி மணி முத்திக்கும், அதுக்கப்புறம் கலைச்சு வெயில்ல பரப்புங்க. ஒரு நாள்தான், ரெண்டு மூணு நாள் விட்டா வெந்து போயிரும்.

அடுத்த வருஷத்துக்கு விதை வேணும்னா இந்த நேரத்துலயே நடுக்கொல்லைல குலைநோய் இல்லாத, பெரிய கதிரா பாத்து தனியா எடுத்து தனியா காய வெச்சு தனியா அடிங்க.

ஆள் பத்தலேன்னா ரெண்டு தடவை அறுக்காம எல்லாத்தையும் அடியோட அறுத்து, கொல்லைலயே மூணு நாள் காயப்போட்டு கட்டு கட்டி போர் போட்டுட்டு பொங்கலுக்கு அப்புறம் அடிக்கறதும் எங்க ஊர் வழக்கம். இதுல கூலி கம்மி, தாள் நல்லா கெடைக்கும், ஆனா பச்சக் கதிர்ல கொஞ்சம் கருக்காய் (முத்தாத பதர் மணி) விழும். கொல்லை சின்னதா இருந்து வீட்டு ஆளுங்களே அறுக்கறதா இருந்தா ரெண்டு அறுப்புதான் நல்லது.

5. மழையும் போரும்

வடகிழக்கு மழை எப்ப வேணா வரும். 2024 நவம்பர் கடைசில பெஞ்சல் புயல் கரையேறி, டிசம்பர் தொடக்கத்துல நம்ம பக்கம் வந்து ஊத்தங்கரைல ஒரே நாள்ல 50 செ.மீ கொட்டுச்சு, அறுத்துப் போட்ட கதிர் இருந்த கொல்லை எல்லாம் என்ன ஆச்சுனு சொல்லத் தேவையில்ல. அதனால நாலு நாளைக்கு வானிலை பாத்துட்டு, ஒரே நாள்ல எத்தன பங்கு காய வைக்க முடியுமோ அவ்வளவு மட்டும் அறுங்க. நல்ல தார்ப்பாய் ரெண்டு முன்னாடியே வாங்கி வைங்க, வட்டார வேளாண் விரிவாக்க மையத்துல மானியத்துல இருக்கானு ஒரு வார்த்தை கேளுங்க, இருந்தா பாதி காசு மிச்சம்.

போர் போடறப்ப தரைல நேரா அடுக்காம கீழ கல்லு, கட்டை பரப்பி அதுக்கு மேல அடுக்குங்க. கதிர் உள்பக்கம், தாளோட அடி வெளிப்பக்கம் பாத்து இருக்கணும், மேல கூம்பா முடிச்சு தார்ப்பாய் போட்டு கயிறு கட்டுங்க. மூணாவது நாள் போருக்குள்ள முழங்கை வரைக்கும் கைய விட்டுப் பாருங்க. வெதுவெதுன்னு இருந்தாலே கவனம், சூடா ஆவி அடிச்சா அன்னைக்கே பிரிச்சு காய வைச்சுருங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டா மணி கருத்துப்போயிரும், கருத்த மணிய யாரும் எடுக்க மாட்டாங்க.

பயிர்க் காப்பீடு கட்டியிருந்தீங்கன்னா உங்க பிர்காவுக்கு (பல கிராமம் சேந்த வருவாய் வட்டம்) அறுவடைக்குப் பிந்தின இழப்பும் சேந்திருக்கானு முன்னாடியே கேட்டு வைங்க. சேந்திருந்தா, கொல்லைல காயப்போட்ட கதிர் அறுத்து 14 நாளுக்குள்ள மழைல கெட்டுப்போனா 72 மணி நேரத்துக்குள்ள தகவல் குடுத்தாகணும், 14447க்கு போன் பண்ணலாம். மூணு நாள்தான் டைம்ங்கறது தெரியாம நாலாவது நாள் போறவங்க நிறைய.

6. காட்டோரத்துல கொல்லை இருந்தா

தளி, ஜவளகிரி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் ஐப்பசில பன்னேர்கட்டா காட்டுலருந்து யானைக் கூட்டம் வர ஆரம்பிச்சிரும், ராகி பழுக்கற நேரமும் அதுவும் ஒண்ணு. காவலுக்கு தனியா போய் பரண்ல படுக்காதீங்க, நாலு கொல்லைக்காரங்க சேந்து மொறை வெச்சுக்கோங்க, வனச்சரக ஆபீஸ் நம்பர போன்ல சேவ் பண்ணி வைங்க. வேலில கரண்ட் விடறது யோசிக்கவே கூடாத விஷயம், யானையும் சாகுது, ராத்திரி வர்ற மனுஷனும் சாகறான், கேஸும் ஜெயிலும் வருது. பயிர் போயிருச்சுன்னா காலைல ஒண்ணையும் தொடாம போட்டோ எடுத்து, வனச்சரகர் ஆபீஸ்ல இழப்பீட்டு மனு குடுங்க. அதுக்கும் சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக்தான் கேப்பாங்க, மொத வேலையா பேப்பர எடுக்கச் சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.

7. அடிக்கறது, தூத்தறது, காய வைக்கறது

தார் ரோட்டுல பரப்பி வண்டிய ஏத்தி அடிக்கற பழக்கத்த தயவுசெஞ்சு விட்டுருங்க. பைக்ல வர்ற ஆள் சறுக்கி விழறத நான் கண்ணால பாத்திருக்கேன், அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ராகி மணி அளவுலயே இருக்கற பொடிக்கல்லு கலந்துட்டா சல்லடைலயும் போகாது, முறத்துலயும் போகாது. கொள்முதல் நிலையத்துல கல், மண், தூசி, உமினு எல்லாம் சேந்தே நூத்துக்கு ஒண்ணுக்கு மேல இருக்கக் கூடாது, ஒரு சின்ன ரோட்டுப் பொடி மொத்த லோடையும் திருப்பி விட்டுரும். பஞ்சாயத்து உலர்களம் இருந்தா முன்கூட்டி சொல்லி வெச்சுக்கோங்க, இல்லேன்னா வீட்டுக்கிட்ட தரைய சாணி போட்டு மெழுகி ரெண்டு நாள் காயவிட்டு அதுல அடிங்க.

மிஷின்ல அடிக்கறதா இருந்தா மணிக்கு 1,200லருந்து 1,500 வரைக்கும் கேக்கறாங்க, ஏக்கருக்கு ரெண்டு மணி நேரம் ஆகும். கதிர் நல்லா காஞ்சிருந்தா சீக்கிரம் முடியும், ஈரமா இருந்தா மிஷின் அடைச்சுக்கும், வாடகை ஓடிக்கிட்டே இருக்கும். டிராக்டர ஏத்தி மிதிக்க விடறதும் உண்டு. எப்படி அடிச்சாலும் காத்து வர்ற நேரம் பாத்து ரெண்டு தடவை தூத்தணும், ஒரு தடவை பத்தாது.

அடுத்தது ஈரப்பதம். 12 சதவீதத்துக்கு மேல இருந்தா எடுக்க மாட்டாங்க. மார்கழி வெயில நம்பி ஒரு நாள் காய வெச்சுட்டு மூட்டை கட்டாதீங்க, மூணு நாள் காய வைச்சு, மணிக்கு ஒரு தடவை காலால கிளறி விடுங்க, சாயங்காலம் பனி எறங்கறதுக்கு முன்னாடி அள்ளி மூடிருங்க. கொஞ்சம் மணிய எடுத்து பல்லுல கடிச்சா நறுக்னு ஒடையணும், அமுங்கினா இன்னும் ஈரம். இருந்தாலும் பல்லு மீட்டர் இல்ல, அரைக்கிலோ சாம்பிள எடுத்துட்டுப் போய் நிலையத்துலயே மீட்டர்ல வெச்சு பாத்துட்டு வந்து லோடு ஏத்துங்க. ஒரு பஸ் டிக்கெட் செலவுதான், ஏத்துக்கூலி, வண்டி வாடகை ரெண்டு தடவை குடுக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்.

8. எங்க விக்கறது

2023 மே மாசத்துலருந்து தருமபுரி, நீலகிரி ரேஷன் கடைல அரிசிக்குப் பதிலா 2 கிலோ ராகி தர்றாங்க, அதுக்காக நுகர்பொருள் வாணிபக் கழகம் நம்ம மாவட்டங்கள்ல நேரடியா ராகி எடுக்குது. வெலை மத்திய அரசு அறிவிக்கற ஆதரவு வெலை, 2024-25ல குவிண்டால் 4,290 ரூபாய், 2025-26ல 4,886 ரூபாய். எந்த தேதிலருந்து எந்த நிலையம் தொறக்கும்ங்கறது கலெக்டர் ஆபீஸ் அறிவிப்புல வரும், சீசனுக்கு சீசன் மாறும், அதனால உங்க வேளாண் உதவி அலுவலர் வாட்ஸப் குரூப்ல இருந்துக்கோங்க.

வீட்டு வாசலுக்கே வண்டியோட வர்ற வியாபாரி எனக்கு சொன்ன வெலை கிலோ 35. மானாவாரில ஏக்கருக்கு 8 குவிண்டால் வந்துதுன்னு வைங்க, 2025-26 வெலைக்கு நிலையத்துல போட்டா 39,088, வியாபாரிக்கு குடுத்தா 28,000. 11,000 ரூபாய் வித்தியாசம், அறுப்புக்கூலியும் மிஷின் வாடகையும் அதுலயே வந்துரும். அவர்கிட்ட குடுக்கறதுல தப்பில்ல, கைல ஒடனே காசு வேணும்ங்கற அவசரம் எல்லாருக்கும் வரும், ஆனா மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிவுனு சொன்னா ஒத்துக்காதீங்க, காலி சாக்க எடை போட்டு அத மட்டும் கழிக்கச் சொல்லுங்க.

நிலையத்துக்குப் போறப்ப சில விஷயம். முன்னாடியே பதிஞ்சு உங்களுக்கு எந்த நாள்னு கேட்டுட்டு போங்க, கேக்காம லோடோட போனா ராத்திரி அங்கயே காவல் படுக்க வேண்டி வரும், பனில மூட்டை நனைஞ்சு ஈரப்பதம் மறுபடி ஏறிரும். தார்ப்பாய் எடுத்துட்டுப் போங்க. எடை போடறப்ப தராசு கிட்டயே நின்னு ஒவ்வொரு மூட்டையும் நீங்களும் ஒரு நோட்டுல எழுதுங்க. மூட்டைக்கு இவ்வளவுனு தனியா காசு யாராவது கேட்டா, எதுக்குனு கேளுங்க, ரசீது கேளுங்க. ரசீது இல்லாத காசு நீங்க குடுக்க வேண்டியதில்ல. எனக்கு ஒரு எடத்துல கேட்டாங்க, ரசீது கேட்டதும் பேச்சு அடங்கிருச்சு. அடங்கலேன்னா மாசா மாசம் கலெக்டர் ஆபீஸ்ல நடக்கற விவசாயிகள் குறைதீர் கூட்டத்துல தேதி, நேரம் போட்டு எழுத்துல குடுங்க, வாயால சொன்னா காத்துல போயிரும்.

9. பணம் வர்ற வரைக்கும்

பணம் கைல தர மாட்டாங்க, அக்கவுண்ட்ல வரும். அதனால பாஸ்புக்ல இருக்கற பேரும் ஆதார்ல இருக்கற பேரும் சிட்டாவுல இருக்கற பேரும் ஒத்துப் போகணும். முனுசாமி ஒண்ணுல, முனிசாமி இன்னொண்ணுல இருந்தா அங்கதான் சிக்கும். ரொம்ப நாள் பயன்படுத்தாத அக்கவுண்ட்னா ஒரு 100 ரூபாய் போட்டு எடுத்து உயிரோட இருக்கானு பாத்துக்கோங்க, கேஒய்சி பாக்கி இருந்தா அதையும் முடிச்சிருங்க. ஐஎஃப்எஸ்சி கோட பழைய பாஸ்புக்ல பாத்து எழுதாதீங்க, பேங்க் இணைஞ்சதுல நெறைய கிளைக்கு கோட் மாறிருச்சு, புதுசா ஒரு என்ட்ரி போட்டு எடுத்துட்டுப் போங்க.

நிலையத்துல குடுத்த ரசீத போட்டோ எடுத்து வீட்டுல இன்னொருத்தர் போனுக்கும் அனுப்பி வைங்க. ரெண்டு வாரம் தாண்டியும் வரலேன்னா அந்த ரசீதோட மொதல்ல நிலையத்துக்கே போய் உங்க பேரு பில்லுல ஏறுச்சானு கேளுங்க, ஏறியிருந்தா பணம் பேங்க்லருந்து திரும்பி வந்திருக்கானு கேளுங்க. அங்க பதில் இல்லேன்னா வாணிபக் கழக மண்டல மேலாளர் ஆபீஸ். அந்த நேரத்துல தாளையும் வித்துருங்க, தை மாசக் கடைசில பால் மாடு வெச்சிருக்கவங்க தேடி வருவாங்க, மாசி பங்குனி வெயில்ல காஞ்சு நொறுங்கறதுக்கு முன்னாடி குடுத்துட்டா கட்டு நல்ல வெலைக்குப் போகும்.